ஊருக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வாங்க ஏலம் விடப் போறோம், பொருள் சேர்க்குறது எப்படி?

வடகடல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல வடகடல் (பாக் விரிகுடா) ஓரமா எங்க ஊரு, முந்நூறு தலைக்கட்டு இருக்கும். ஊர்ல ஒரு சாவு விழுந்துட்டா ஃப்ரீசர் பாக்ஸ் ராமநாதபுரத்துலருந்துதான் வரணும், அன்னைக்குன்னு வேற எங்கயாச்சும் எடுத்துட்டுப் போயிருந்தா அதுவும் கிடைக்காது, கிடைச்சாலும் பெட்டிக்கு ஒரு வாடகை வண்டிக்கு ஒரு வாடகைன்னு கேக்குறாங்க. புள்ள துபாய்லருந்தோ மலேசியாவுலருந்தோ வந்து சேர்ற வரைக்கும் வைக்கணும்னா வாடகை ஏறிக்கிட்டே இருக்கும், அழுதுக்கிட்டே காசு எண்ணிக் குடுக்குற கொடுமை இருக்கே, அதெல்லாம் பட்டவங்களுக்குத்தான் தெரியும்.

அதனால ஊருக்குன்னு சொந்தமா ஒண்ணு வாங்கிப் போட்ருவோம்னு எங்க மகளிர் குழுவுல பேசி முடிவு பண்ணிருக்கோம். பெட்டி, கரண்டு போனா ஓட்ட ஒரு ஜெனரேட்டர், வைக்க ஒரு தகர ஷெட்டு எல்லாம் சேத்து ஒன்றரை லட்சம் கிட்ட வருது. வீடு வீடா வசூல் பண்றதுக்குப் பதிலா பொருளா நன்கொடை வாங்கி ஒரு சாயங்காலம் ஏலம் விடலாம்னு ஐடியா. ஊர் கமிட்டி ஆம்பளைங்க "ஏலம்னா மீன் ஏலம் மாதிரின்னு நினைச்சியா"ன்னு சிரிக்கிறாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.

யாராச்சும் இப்படி நடத்திருந்தா சொல்லுங்க. யார்கிட்ட என்ன பொருள் கேக்குறது, எப்படிக் கேட்டா குடுப்பாங்க, ஏலத்த எந்த விலையில ஆரம்பிக்கிறது, வெளிநாட்டுல இருக்குறவங்கள எப்படிச் சேத்துக்குறது, மைக் புடிச்சு ஏலம் போட யாரக் கூப்புடுறது, எதுவுமே தெரியாது. எங்க குழுவுல யாருக்கும் அனுபவம் இல்ல.

---

ஜெட்டி மருமகன்:

தங்கச்சி, பொருள அப்புறம் பாக்கலாம், மொதல்ல நாளக் குறிங்க. நான் சொல்றது படகு ஜெட்டியில மீன் ஏலம் விடுற குடும்பத்துல பொண்ணு எடுத்தவன்ங்கிற முறையில.

ராமேஸ்வரம் மண்டபம் பக்கம் விசைப்படகு போறது திங்கள், புதன், சனி. சனிக்கிழம போன படகு ஞாயித்துக்கிழம காலையில கரை ஏறும், மீனக் குடுத்து கணக்கு முடிச்சு ஆளாளுக்குப் பங்கு பிரிச்சு மதியச் சாப்பாடு ஆகி தூங்கி எந்திரிச்சா சாயங்காலம் அஞ்சு மணிக்கு கையில காசு இருக்கும் மனசும் இளகி இருக்கும். அதான் உங்க நேரம். சனிக்கிழம சாயங்காலம் வச்சீங்கன்னா பாதி ஆம்பளைங்க கடல்ல கெடப்பாங்க, வெறும் நாற்காலிக்குத்தான் ஏலம் விடணும்.

மீன்பிடித் தடைக்காலத்துல வைக்கவே வைக்காதீங்க. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு படகு கட்டிக் கெடக்கும், அரசாங்கம் குடுக்குற 8,000 ரூவா நிவாரணம் வந்த உடனே வட்டிக்குப் போயிரும். தடை முடிஞ்ச உடனேயும் வேணாம், அப்பத்தான் சம்மாட்டிமாரு (படகு மொதலாளிங்க) படகுக்குப் பெயின்ட் அடிச்சு வலை மாத்தி கையக் கடிச்சுக்கிட்டு இருப்பாக. நாலஞ்சு பாடு நல்லா விழுந்து எறா காசு பொழங்கட்டும், ஜூலை பாதிக்கு மேல வைங்க. அந்த நேரம் கச்சான் (மேல்காத்து) அடிக்கும், வடகடல் பக்கம் கடல் அமைதியாத்தான் கெடக்கும் ஆனா மண்ணு பறக்கும், பந்தலுக்கு மேற்கால படுதா கட்டச் சொல்லுங்க இல்லன்னா மைக்குல பேச்சே கேக்காது.

இப்ப விலை. கடையில 1,500 ரூவாய்க்கு விக்கிற சேலைய 1,500ல ஆரம்பிச்சா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான், கடையிலயே வாங்கிக்கிறேன்னு உக்காந்திருப்பான். 500ல ஆரம்பிங்க. கூட்டத்துல முப்பது பேரு தைரியமா கேப்பாங்க, கேட்டு வாய் பழகிருச்சுன்னா அப்புறம் நிறுத்துறதுதான் கஷ்டம். ஏத்துறது எவ்வளவுன்னு முன்னாடியே சொல்லிருங்க, ஆயிரம் வரைக்கும் அம்பது அம்பதா, அதுக்கு மேல நூறு நூறா, அஞ்சாயிரத்துக்கு மேல ஐந்நூறு. இல்லன்னா எவனாச்சும் பத்து ரூவா கூட்டி கூட்டி விளையாடிக்கிட்டே இருப்பான்.

எது மொதல்ல எது கடைசியிலங்கிறது ரொம்ப முக்கியம். தொடக்கத்துல சின்னப் புள்ளைக, பொம்பளைக எடுக்குற மாதிரி பிளாஸ்டிக் குடம், டிபன் பாக்ஸ், பலூன் பாக்கெட்டு, இருவது முப்பது ரூவா சாமான். கூட்டம் சேர்ற வரைக்கும் அது ஓடட்டும். மீன் ஏதாச்சும் வந்திருந்தா அத மட்டும் நேரத்தோட முடிச்சிருங்க, ஐஸ் நிக்காது. உங்ககிட்ட இருக்குறதுலயே பெரிய பொருள கடைசிக்கு வச்சிராதீக, எட்டரைக்கு மேல புள்ள தூங்குதுன்னு எந்திரிச்சிருவாங்க. ஏழரைக்குள்ள பெருசு வந்துரணும்.

ஏலம் போட மீன் ஏலக்காரரக் கூப்புடலாம், ஆனா அவுக வேகம் வேற. அங்க யாவாரிக்கு விலை தெரியும், மீனு கெடும், சட்டுபுட்டுன்னு முடிக்கணும். இங்க ஒரு தரம் சொல்லி, ரெண்டு தரம் சொல்லி, அங்க நிறுத்தி ஒரு கதையப் பேசணும், குடுத்தவரு யாரு, எதுக்குக் குடுத்தாரு, எதிர்ல உக்காந்திருக்குற மச்சான் ஏன் சும்மா இருக்காருன்னு. மூணாவது தரம் சொல்ல என்ன அவசரம். உங்க குழுவுலயே வாய் உள்ள ஆளு இருந்தா அவுகளே போடட்டுமே, பொம்பளைக கூடையத் தூக்கிக்கிட்டு ஏலத்துல நின்னு மீன் எடுக்கலையா, விலை அவுகளுக்குத் தெரியாதா.

இன்னொண்ணு, போதையில இருக்குறவன் கேக்குற விலைய காதுலயே வாங்காதீக. சீலா மீனு ஒண்ண அஞ்சாயிரத்துக்குக் கேப்பான், மறுநா காலையில அவன் பொண்டாட்டி வந்து நிக்கும், குடுத்ததத் திருப்பிக் குடுக்குறதா வச்சுக்குறதான்னு ஊரே ரெண்டாப் போகும்.

---

உள்ளதைச் சொல்றேன்:

எதுக்கு இவ்வளவு சுத்து. தலைக்கட்டுக்கு 500 போடுங்க, முந்நூறு வீட்டுக்கு ஒன்றரை லட்சம், ஒரு வாரத்துல வேல முடிஞ்சது. புருசன் இல்லாத வீட்டுக்கு அரை வரி. எங்க ஊர்ல கோயில் மதில் கட்டுனது இப்படித்தான். ஏலம்னா நாலு பணக்காரன் பேர மைக்குல சொல்றதுக்கு நாம கூட்டம் கூட்டித் தர்றது, இல்லாதவன் வேடிக்க பாக்கணும். அப்புறம் அடுத்த எலக்சன்ல அந்த நாலு பேரும் நான்தான் பெட்டி வாங்கிக் குடுத்தேன்னு வந்து நிப்பான்.

---

வடகடல்காரி:

@உள்ளதைச் சொல்றேன் அண்ணே நீங்க சொல்றது நியாயம்தான், ஆனா இந்த வருசம் ஏற்கனவே திருவிழாவுக்கு ஒரு வரி, ரோட்டு கேஸுக்கு ஒரு வரின்னு போட்டாச்சு, பாதி வீட்டுல பாக்கி. வரியா வாங்குனா வரி கட்டாத வீட்டுல சாவு விழுறப்போ பெட்டி குடுக்கலாமா கூடாதான்னு ஒரு பஞ்சாயத்து கண்டிப்பா வரும், வந்தே தீரும், எங்க ஊரப் பத்தி எனக்குத் தெரியும். பொணத்த வச்சுக்கிட்டு பாக்கியப் பேசுற நெலம வரக் கூடாதுன்னுதான் வரியே வேணாம்னு நிக்கிறோம். குடுத்தவன் குடுக்காதவன்னு கணக்கே இருக்கக் கூடாது. ஏலத்துல ஒருத்தர் எடுத்தா அவருக்குப் பொருள் வந்துருச்சு, கணக்கு அதோட முடிஞ்சது, பெட்டிமேல யாருக்கும் தனியா உரிமை இல்ல.

பணக்காரன் விளம்பரம்ங்கிறது உண்மைதான். வாங்கிட்டுப் போகட்டும்ணே, காசக் குடுத்துத்தான வாங்குறாரு.

@ஜெட்டி மருமகன் அண்ணே ஞாயித்துக்கிழம விசயம் எங்க கண்ணு முன்னாடியே இருக்கு, யாருக்கும் தோணல பாருங்க. நாங்க சனிக்கிழமன்னுதான் பேசிக்கிட்டு இருந்தோம்.

---

சாயல்குடி பனங்கொட்டை:

அக்கா நாங்க இங்க பள்ளிக்கூடத்துக்குத் தண்ணித்தொட்டி கட்ட இதே மாதிரி ஒண்ணு நடத்துனோம், பொருள் சேர்க்குற பொறுப்பு என்கிட்டதான் இருந்துச்சு அதனால அத மட்டும் விரிவாச் சொல்றேன்.

"ஏதாச்சும் குடுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டா என்ன வரும் தெரியுமா, ஓடாத கடிகாரம், கல்யாணத்துக்கு வந்து பிரிக்காமலே கெடக்குற கிஃப்ட் பாக்ஸ், அதுல முக்காவாசி பிள்ளையார் போட்டோவும் ஆறு கப்பு சாசரும்தான், அப்புறம் மூடி இல்லாத குக்கர். அத வாங்கி வச்சுக்கிட்டு ஏலத்துல எடுத்துப் போட்டா கூட்டமே குப்பையா ஆயிரும். வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே இவங்ககிட்ட இதுதான்னு எழுதிக்கிட்டுப் போகணும். கருப்பட்டி காய்ச்சுற பெரியம்மாகிட்ட ஒரு சிப்பம் கருப்பட்டி. ஓலைப்பெட்டி பின்னுற அத்தைகிட்ட மூடி போட்ட கலர்ப்பெட்டி ஒண்ணு. மொளகாக் கொல்லை வச்சிருக்குறவருகிட்ட பத்து கிலோ முண்டு வத்தல், நம்ம ராமநாதபுரம் முண்டுக்கு 2023ல புவிசார் குறியீடு வேற கிடைச்சிருக்கு, வெளியூர்லருந்து வந்தவங்க அதுக்குன்னே போட்டி போடுவாங்க. பரமக்குடி பக்கம் சொந்தம் இருந்தா எமனேஸ்வரம் தறிச்சேலை ஒண்ணு கேளுங்க. இன்ன பொருள்னு கேக்குறப்போ, அதுவும் அவங்க கையால செய்யிறதக் கேக்குறப்போ யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க.

அப்புறம் பொருளே இல்லாதவங்க நெறைய பேரு குடுக்க ஆசப்படுவாங்க, அவங்ககிட்ட வேலையக் கேளுங்க. இதுதான் எங்களுக்கு ஜாக்பாட். தையக்கார அக்கா மூணு ஜாக்கெட் தச்சுத் தர்றேன்னு சொன்னாங்க, பிரியாணி மாஸ்டர் ஒருத்தரு ஒரு விசேஷத்துக்கு கூலி வாங்காம ஆக்கித் தர்றேன்னாரு, ஏசி மெக்கானிக் ஒரு சர்வீஸ், ஆட்டோ அண்ணன் ஒரு மாசம் புள்ளைய ஸ்கூலுக்கு ஏத்தி எறக்குறேன்னாரு, ஜேசிபி வச்சிருக்குறவரு ரெண்டு மணி நேரம். இதுக்கெல்லாம் அவங்களுக்குக் கைக்காசு பெருசா போகாது ஆனா ஏலத்துல எடுக்குறவனுக்கு அது வேணும்ங்கிற சாமான். ஆட்டோதான் எல்லாத்தயும் விட அதிகமா போச்சு, ரெண்டு அம்மாமாரு விட்டுக் குடுக்கவே இல்ல. உங்க ஊர்னா வலை பொத்திக் குடுக்குறவங்க, என்ஜின் மெக்கானிக் எல்லாம் இருப்பாங்களே.

ஆனா வேலையா வாங்குனா ஒரு அட்டையில எழுதி அவங்க கையெழுத்த வாங்கிக்கங்க. எது வரைக்கும் செல்லும், மூணு மாசமா ஆறு மாசமா, துணி யாரு வாங்கணும், பிரியாணிக்கு அரிசி கறி யாரு வாங்கணும், எத்தன பேருக்கு ஆக்கணும். எழுதலன்னா ஏலம் எடுத்தவரு ஐநூறு பேரு கல்யாணத்துக்கு மாஸ்டரக் கூப்பிடுவாரு.

கடைக்குப் போறதா இருந்தா போணி ஆகுறதுக்கு முன்னாடி போய் நிக்காதீங்க, காலையில முதல் ஆளா நன்கொடைன்னு போய் நின்னா எந்தக் கடைக்காரருக்கும் மொகம் சுருங்கும். பதினோரு மணிக்கு மேல, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி, ரெண்டே பேரு போங்க. பத்து பேரு கூட்டமாப் போனா அது வசூல் மாதிரி தெரியும். பெட்டிக்கு வாங்குன கொட்டேஷன் பேப்பர கையில வச்சுக்கங்க, எதுக்கு எவ்வளவுன்னு அதுல இருக்கும், வாய்ல சொல்றதவிட அதக் காட்டுனா நம்பிக்கை. முதல் தடவையிலயே குடுங்கன்னு நிக்காதீங்க, பேப்பரக் குடுத்துட்டு ரெண்டு நாள் கழிச்சு வர்றோம்னு வந்துருங்க, முதலாளியம்மாகிட்ட கேக்காம யாரும் குடுக்குறதில்ல.

நோட்டு ஒண்ணு போடுங்க. குடுத்தவங்க பேரு, பொருள், கடை விலை சுமாரா எவ்வளவு, மைக்குல பேரு சொல்லலாமா வேணாமா, விலை போகலன்னா திருப்பித் தரணுமா. அந்தக் கடைசி ரெண்டையும் கேக்க மறந்தா பின்னாடி மனஸ்தாபம். ரகசியமாக் குடுக்கணும்னு நினைக்கிறவங்க இருக்காங்க, அவங்க பேர மைக்குல போட்டு ஒடச்சா அடுத்த தடவ வாசல்ல நிக்க விட மாட்டாங்க. பொருள் வந்த அன்னைக்கே ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்புல போட்டுருங்க, போட்டோவப் பாத்துட்டு அவ குடுத்தாளா நானும் குடுக்குறேன்னு நாலு பேரு வருவாங்க. ஆடு கோழி மட்டும் அன்னைக்கு மதியம் கொண்டாரச் சொல்லுங்க அக்கா, முந்துன நாளே வாங்கி வச்சா யாரு தழ ஒடிக்கிறது.

---

கீழக்கரை காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வெளிநாட்டு ஆளுகளப் பத்திக் கேட்டிருந்தீங்கம்மா, அதுக்குச் சொல்றேன்.

எங்க பக்கம் வீட்டுக்கு ஒருத்தரு வெளியிலதான். நீங்க சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சா துபாய்ல நாலரை, சவூதியில மூணரை, சிங்கப்பூர் மலேசியாவுல எட்டரை. ஞாயித்துக்கிழம துபாய்க்காரங்களுக்கு லீவு, 2022லருந்து அங்க சனி ஞாயிறு ஆக்கிட்டாங்க, ஆனா சவூதி குவைத்ல வெள்ளி சனிதான், ஞாயிறு வேலை நாளு, அவங்க போன எடுக்க முடியாது. அதனால பெரிய பொருள் ஒரு நாலஞ்ச மட்டும் முன்னாடியே வாட்ஸப்புல போட்டு இன்ன விலை வரைக்கும் எனக்காகக் கேளுன்னு ஊர்ல ஒரு ஆளுகிட்ட சொல்லி வைக்கச் சொல்லுங்க, அவரு பந்தல்ல உக்காந்து கேப்பாரு. வீடியோ கால்ல நேரடியாக் கேக்குறதும் செஞ்சு பாத்தோம், அவரு சொல்றது இங்க வந்து சேர்றதுக்குள்ள மூணு தரம் முடிஞ்சு போயிருது, அதுல ஒரே சண்டை.

காசு விசயத்துல கொஞ்சம் கவனம். இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்குறவரு வெளிநாட்டுல சம்பாதிச்ச சொந்தக் காச பேங்க் வழியா அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொடைன்னு கணக்கு இல்ல. ஆனா சிங்கப்பூர் மலேசியா சிட்டிசன் ஆனவங்க, ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்குறது) வச்சிருக்குறவங்க, அவங்க நம்ம சொந்தக்காரங்களாவே இருந்தாலும் சட்டத்துக்கு அவங்க வெளிநாட்டவருதான், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாத ஊர் கமிட்டியோ குழுவோ அவங்ககிட்ட நன்கொடை வாங்கக் கூடாது. மாமா மச்சான்னு வாங்கிட்டு அப்புறம் பேங்க்ல கேள்வி கேட்டா பதில் சொல்றது நீங்கதான்.

வருமான வரிச்சலுகைக்கு 80ஜி ரசீது கேட்டு ஒரு ரெண்டு பேரு கண்டிப்பா வருவாங்க. பதிவு பண்ணி 80ஜி வாங்குன டிரஸ்ட்தான் அந்த ரசீது குடுக்க முடியும், அந்த டிரஸ்ட்டும் பொருளா வந்ததுக்குக் குடுக்க முடியாது, ரொக்கமா 2,000 ரூவாய்க்கு மேல குடுத்தாலும் வரிச்சலுகை இல்ல. ஏலத்துல பொருள் எடுத்தவரு நன்கொடை ரசீது கேட்டா அதுவும் சரியில்ல, அவருக்குத்தான் பொருள் போயிருச்சே. இல்லன்னு தெளிவாச் சொல்லிருங்க, சாதா ரசீது புக்கு ஒண்ணு அடிச்சு வச்சுக்கங்க போதும். யாரோ ஒருத்தரு போன் நம்பர் கியூஆர் கோட ஒட்டி வச்சு காசு வாங்காதீங்க, குழு பேர்ல இருக்குற அக்கவுண்டுக்கு கியூஆர் வாங்கி, ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டாத்தான் எடுக்க முடியும்னு வைங்க.

எங்க பள்ளிவாசல்ல ஜும்மா முடிஞ்சு வெளிய வந்தா கோழி, முட்டை, தேங்காய்னு நேர்ந்துக்கிட்டவங்க கொண்டாந்து குடுத்தத ஏலம் விடுவாங்க, எடுத்தவரே திரும்பப் பள்ளிக்குன்னு குடுத்துருவாரு, மறுபடி ஏலம். 2024ல காஷ்மீர் சோப்பூர் பக்கம் ஒரு கிராமத்துல பள்ளிவாசல் கட்ட ஒரு ஏழை வீட்டுலருந்து ஒரே ஒரு முட்டை குடுத்தாங்க, அத எடுக்குறவங்க எல்லாம் திருப்பித் திருப்பிக் குடுக்க, மொத்தம் 2 லட்சத்துக்கு மேல சேர்ந்துச்சு, கடைசி ஆளு மட்டும் 70,000 குடுத்தாரு, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. உங்க ஏலத்துலயும் அப்படி ஒரு சின்னப் பொருளுக்கு எடம் வச்சுக்கங்கம்மா, யாராச்சும் முதல்ல எடுத்துத் திருப்பிக் குடுக்கணும், அந்த ஆள முன்னாடியே பேசி வச்சுக்கிறதுல தப்பில்ல.

தொதல் (எங்க ஊரு தேங்காப்பால் இனிப்பு) ஒரு டின்னு எங்க வீட்டுலருந்து அனுப்புறேன் இன்ஷா அல்லாஹ்.

---

உள்ளதைச் சொல்றேன்:

சரிம்மா, பாக்கிப் பஞ்சாயத்து விசயம் நீ சொன்னது சரிதான், ஒத்துக்குறேன். ஆனா பெட்டி வாங்குனதோட முடிஞ்சதுன்னு நினைக்காத. ஒன்றரை லட்சம் குறி வச்சா பெட்டி வரும், மறு வருசம் கேஸ் லீக்கு, கம்ப்ரசர் போச்சுன்னா அதுக்கு மறுபடி ஏலமா? உப்புக்காத்துல தகரம் எத்தன நாளு தாங்கும். அடியில ஸ்டீல் ஸ்டாண்டு, சக்கரம் எல்லாம் துருப்புடிக்கும். ஜெனரேட்டருக்கு டீசல் அந்தந்த வீட்டுக்காரங்க ஊத்திக்கலாம், ரிப்பேருக்குன்னு கொஞ்சம் தனியா பேங்க்ல போட்டு வைக்கிற மாதிரி குறிய கொஞ்சம் மேல வை. சாவி யாருகிட்ட, ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்டா யாரு எந்திரிச்சு வருவாங்கங்கிறத இப்பவே முடிவு பண்ணு.

பெரிய ஏலக்காரங்க எல்லாம் வாங்கி முடிச்ச பெறகு இல்லாதவங்களுக்குன்னு எதாச்சும் வை. ஒரு மேசையில சின்னச் சின்ன சாமான அடுக்கி, பக்கத்துல ஒரு பேப்பர வச்சா, சத்தம் போடாம விலைய எழுதிட்டுப் போகலாம், மைக்குல கேக்கக் கூச்சப்படுற பொம்பளைக அதுல எழுதுவாங்க. எட்டு மணிக்குப் பேப்பர எடுத்துரு, கடைசியா எழுதுனவங்களுக்குப் பொருள்.

---

பாம்பன் தம்பி:

அக்கா ஈஸியான வழி ஒண்ணு இருக்கு, குலுக்கல் போடுங்க. 100 ரூவா டோக்கன், முதல் பரிசு ஒரு பைக், ரெண்டாயிரம் டோக்கன் வித்தா ரெண்டு லட்சம், பைக் போக மிச்சம் லாபம். இந்த ஏலம் நோட்டு ரசீதுன்னு இவ்வளவு அலைய வேணாம்

---

ஜெட்டி மருமகன்:

மாப்ள தமிழ்நாட்டுல 2003லருந்து லாட்டரிக்குத் தடை. டோக்கன் வித்து குலுக்கிப் பரிசு குடுக்குறதும் அதே கணக்குல வந்து நிக்கும், பைக்க முன்னாடி நிறுத்தி ஊர் ஊரா டோக்கன் வித்தா ஸ்டேசன்லருந்து ஆளு வரும். தங்கச்சிய வம்புல மாட்டி விட்ராத.

---

தீவுக்காரன்:

யாரும் சொல்லாத ஒண்ணு. கடலோர ஊருங்கிறதால கடல் சாமான் நன்கொடையா வரும், அதுல கவனமா இருங்க. ஷோகேஸ்ல வச்சிருக்குற பவளப்பாறைத் துண்டு, காஞ்ச கடல்குதிரை, கடல் அட்டை, தாத்தா காலத்துலருந்து சொவத்துல மாட்டி வச்சிருக்குற வேளாச்சுறா கொம்பு (ரம்பம் மாதிரி மூக்கு), இதெல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, யானைத் தந்தத்துக்கு என்ன சட்டமோ அதேதான். விக்கிறது, வாங்குறது, ஏலம் விடுறது எல்லாமே குத்தம், குறைஞ்சது 3 வருசம் ஜெயில். நல்ல மனசோட பெரியவரு ஒருத்தரு வேளாக்கொம்ப தொடச்சுக் கொண்டாந்து குடுப்பாரு, நீங்க அத போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்புல வேற போடுவீங்க. மன்னார் வளைகுடா தீவு 21ம் தேசியப் பூங்கா, வனத்துறை ஆளுங்க நம்ம பக்கம் சும்மா இருக்குறதில்ல. சங்குலயும் சில ஜாதிக்குத் தடை இருக்கு, எது எதுன்னு பிரிச்சுப் பாக்குற வேலையே வேணாம், பெருசா அழகா இருக்குற சங்கு, சிப்பி எதுவா இருந்தாலும் வாங்காதீங்க. வேணாம்னு சொல்றப்போ சட்டத்தப் பேசி பெரியவர பயமுறுத்தாம, இது உங்க வீட்டு ஞாபகம், வீட்டுலயே இருக்கட்டும், வேற எதாச்சும் குடுங்க தாத்தான்னு சொல்லுங்க.

அதே மாதிரி, "தீவுக்குப் படகு சவாரி"ன்னு ஒரு பொருளா ஏலத்துல வைக்க யாராச்சும் வல்லக்காரரு முன்வருவாரு. வேணாம். மீன்பிடி வல்லத்துல ஆளு ஏத்திக்கிட்டுத் தீவுக்குப் போறதுக்கு அனுமதி கெடையாது, எதாச்சும் ஒண்ணு ஆயிட்டா யாரு பொறுப்பு. அதுக்குப் பதிலா ஒரு வாரம் தெனம் ஒரு கிலோ மீன் வீட்டு வாசல்ல கொண்டாந்து குடுக்குறேன்னு அவர எழுதித் தரச் சொல்லுங்க, நல்லாப் போகும். என்ன மீனுன்னு மட்டும் எழுதச் சொல்லாதீங்க, கடல்ல என்ன விழுதோ அதான்.

---

வடகடல்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குழுவுல எல்லாத்தயும் படிச்சுக் காட்டுனேன். வேளாக்கொம்பு விசயம் கேட்டதும் ஒரு பாட்டி தலையில கையை வச்சுட்டாங்க, அவங்க வீட்டுல ரெண்டு இருக்காம். குறிய ரெண்டு லட்சமா ஏத்திருக்கோம், மிச்சத்த ரிப்பேருக்குன்னு டெபாசிட். ஜூலை கடைசி ஞாயிறு பாத்தோம், அந்த நேரம் தங்கச்சிமடம் வேர்க்காட்டுல சந்தியாகப்பர் கோயில் திருவிழா, பாதி ஊரு அங்க போயிரும், அதனால ஆகஸ்ட்ல ரெண்டாவது ஞாயிறு. மைக் போட எங்க தையக்கார அக்காவே வர்றேன்னு சொல்லிட்டாங்க, வாய்க்குக் கொறச்சலே இல்ல. வலை பொத்துறவரு, ரெண்டு ஆட்டோ, ஒரு என்ஜின் மெக்கானிக் இது வரைக்கும் எழுதிருக்கோம்.

ரெண்டு சந்தேகம். மைக் செட்டுக்குப் போலீஸ்ல எழுதிக் குடுக்கணுமா? ஏலம் எடுத்துட்டு நாளைக்குத் தர்றேன்னு சொல்றவங்கள என்ன பண்றது? ஊருக்குள்ளயே சொந்தக்காரங்க, மொகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல முடியல.

---

ஜெட்டி மருமகன்:

எழுதிக் குடுத்துருங்க, ஒரு வாரம் முன்னாடி. ராத்திரி பத்து மணிக்கு மேல எங்கயும் ஸ்பீக்கர் போடக் கூடாது, நீங்க ஒம்பதுக்கு முடிச்சிருவீங்க அதனால பிரச்சன இல்ல.

நாளைக்குத் தர்றேன்கிறவருகிட்ட முடியாதுன்னு சொல்ல வேணாம். "சரி மாமா, பொருள் இங்க பத்திரமா இருக்கு, உங்க பேர எழுதி ஒட்டிட்டோம், காசு கொண்டாந்து எடுத்துக்கங்க"ன்னு சொல்லுங்க. புதன்கிழம வரைக்கும் வரலன்னா அவருக்கு முந்துன விலை கேட்டவரக் கூப்பிட்டுக் குடுத்துருங்க. இத ஏலம் ஆரம்பிக்கும்போதே மைக்குல சொல்லிட்டீகன்னா யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல.

---

சாயல்குடி பனங்கொட்டை:

அக்கா என் கணக்குல ஒரு சிப்பம் கருப்பட்டியும் ரெண்டு ஓலைப்பெட்டியும் எழுதிக்கங்க. பேரு சொல்ல வேணாம், "சாயல்குடிலருந்து வந்தது"ன்னு மட்டும் சொன்னாப் போதும். விலை போகலன்னா திருப்பி அனுப்ப வேணாம், அன்னைக்கு வேல பாக்குறவங்களுக்குக் காப்பி போட்டுருங்க. ஆகஸ்ட் முதல் வாரம் ராமநாதபுரம் வர்றேன், புது பஸ் ஸ்டாண்டுல யாராச்சும் வந்து வாங்கிக்கிற மாதிரி ஒரு ஆள மட்டும் சொல்லுங்க.